நான் ஒருநாளும் ஓட்டாத என் கார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தோர்ண்டன் ஹீத் பஸ் தரிப்பில் நின்றுகொண்டிருந்தேன். காது மடல் விறைக்கிற குளிர். சிக்னல் சிவப்பானது. எனக்கு நேரே ஒரு கரும்பச்சை நிறக் கார் வந்து நின்றது. வட்ட முன்விளக்குகள், குரோம் பம்பர், இரண்டே இரண்டு கதவு, அதே நம்பர் பிளேட். எங்கள் வீட்டுக் கார்.

இல்லை... எங்கள் வீட்டில் இருந்த கார்.

ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை. இருபது வயது இருக்கலாம். பக்கத்தில் நரைத்த தாடியோடு ஒருவர். அப்பாவாகத்தான் இருக்க வேண்டும், மூக்கு அப்படியே இருந்தது. அடுத்த இரண்டு நிமிடத்தில் அங்கே ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வேறு ஒரு கேள்வி. முப்பது வருடமாக இந்த நாட்டில் கார் ஓட்டுகிற ஆள், குளிரில் ஏன் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும்?

இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் கவுன்சிலைத் திட்டியிருக்கிறேன். ரயில்காரரைத் திட்டியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் மைக் பிடிப்பவர்களைத் திட்டி, இரண்டு வீட்டு அழைப்புகளை நிரந்தரமாக இழந்திருக்கிறேன். இந்தக் கிழமை திட்டு எனக்கு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் மகள் தாரணிக்குப் பத்தொன்பது வயதில் லைசென்ஸ் கிடைத்தது. முதல் தடவையிலேயே பாஸ். (அப்பனுக்கு நாலு தடவை. அந்தக் கதை வேண்டாம்.) க்ரொய்டனில் படிப்பு, சனிக்கிழமைகளில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அந்தச் சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒரு கார் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை.

ஆனால் லண்டனில் இளம் பிள்ளைக்குக் கார் வாங்குவது பெரிய விஷயமில்லை. இன்சூரன்ஸ்தான் விஷயம். சாதாரண சின்னக் கார் ஒன்றுக்கு அவளிடம் கேட்ட தொகை, அந்தக் காரின் விலையைவிடக் கூட. பிள்ளை வளர்க்கிற எல்லா வீட்டிலும் இந்த ஒப்பாரி கேட்டிருக்கும்.

தாரணி ஒப்பாரி வைக்கவில்லை. மூன்று மாதம் லேப்டாப்பும் கையுமாக இருந்தாள். ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் ஒரு ஓல்ட் கார் வேண்டப்போறன்."

"எவ்வளவு ஓல்ட்?"

"உங்களைவிட ரெண்டு வயசு குறைவு."

எனக்கு ஐம்பத்தேழு. சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். பழைய கிளாசிக் கார்களுக்கென்றே சில இன்சூரன்ஸ் கம்பனிகள் இருக்கின்றன. பழைய காரை வைத்திருப்பவர்கள் அதைப் பொத்திப் பொத்தி ஓட்டுவார்கள் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் பிரீமியம் குறைவு. ஆனால் நிபந்தனைகள் உண்டு. இரவில் கராஜுக்குள் பூட்ட வேண்டும். வருடத்துக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓடக்கூடாது. அந்தக் கார்ச் சொந்தக்காரர்களின் கிளப்பில் சேர வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் அனேகமானவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள்.

இவள் பதினொரு கம்பனிக்குப் போன் எடுத்திருக்கிறாள். ஒன்பது பேர் வயதைக் கேட்டதும் நன்றி சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் நின்று பேசியிருக்கிறார்கள். அதில் ஒருவர் அவள் பெயரிலேயே, அவள் சம்பளத்தில் கட்டக்கூடிய ஒரு தொகை சொல்லியிருக்கிறார். தெரு முடிவில் இருக்கிற வரிசைக் கராஜ்களில் ஒன்றை வாடகைக்கும் பேசி வைத்துவிட்டாள்.

எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! எனக்கு அப்போது அது தெரிந்ததா? "பழைய இரும்பை வாங்கிப்போட்டுத் தள்ளித் திரியப் போறாய்" என்றேன்.

எந்தக் கார் என்று பெயர் சொல்ல மாட்டேன். முன்பு ஒருமுறை ஒரு ரயில் எஞ்சினின் பெயரைப் பிழையாக எழுதிவிட்டு, வாசகர்களிடம் நான் பட்ட பாடு போதும்.

காரை வாங்க கென்ட் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். விற்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் தாரணியை ஒரு மணித்தியாலம் வைத்துப் பாடம் எடுத்தார். எங்கே இரும்பில் கறள் பிடிக்கும், எந்தக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும், காலையில் எப்படி ஸ்டார்ட் பண்ண வேண்டும் எல்லாம். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் என் காருக்குள் இருந்து போன் பார்த்தேன்.

தாரணி வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"அப்பா, நீங்களும் வந்து பாருங்கோவன்."

"நான் என்னத்துக்கு? நீதானே ஓடப்போறாய்."

இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

இனி சிவம் அண்ணை. கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறார். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து, டைல்ஸ் பதிக்கிற வேலை எடுத்துச் செய்கிறார். நல்ல மனிதர். எங்கள் ஆட்களுக்கு எந்தப் படிவம் வந்தாலும் அவரிடம்தான் போகும். எந்தக் கட்டத்துக்குள் எதை எழுத வேண்டும் என்று அவர் சொல்லுவார். நானும் போன் எடுத்தேன்.

"பிள்ளையின்ர பேரில ஆரும் இன்சூரன்ஸ் போடுவினமோ?" என்றார். "உன்ர பேரில போடு. அவளை இடைக்கிடை ஓடுற நேம்ட் டிரைவராச் சேர். பாதிக்குப் பாதி குறையும்."

"பிரச்சினை வராதோ அண்ணை?"

"எங்கட சனம் முழுக்க அப்பிடித்தான் போட்டிருக்கு. ஆரைப் பிடிச்சவங்கள்?"

எனக்கு அது போதுமாக இருந்தது. தாரணிக்குப் போதவில்லை.

"அப்பா, அதுக்கு ஃப்ரன்டிங் எண்டு பேர். அது ஃப்ரோட். மெயின் டிரைவர் ஆர் எண்டு கேட்டா, ஆர் ஓடுறதோ அவையின்ர பேரைத்தான் குடுக்கோணும்."

"பேப்பரிலதானே பிள்ளை. காரை நீதானே ஓடப்போறாய்."

"அதுதான் பிரச்சினையே. என்ர காசில நானே கட்டுறன் அப்பா. ஐ டோன்ட் மைண்ட்."

"நான் உனக்குக் கெடுதல் செய்வனோ?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையால் பதில் சொல்ல முடியும்? அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பிரதான சாரதி யார் என்று படிவம் கேட்டது. என் பெயரை அடித்தேன். அடிக்கும்போது ஒரு சந்தோஷம்கூட வந்தது. மகளுக்கு ஏதோ செய்துவிட்டேனாம்.

ஏன் எனக்குக் கை கூசவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன்.

நான் கொழும்பிலிருந்து விமானம் ஏறியபோது, என் கையில் இருந்த கடவுச்சீட்டில் என் பெயர் இல்லை. வேறு யாரோ ஒருவரின் பெயர், வேறு யாரோ ஒருவரின் பிறந்த திகதி. ஒன்றரை மாதம் அந்த ஆளாக இருந்தேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகினேன். என் வயதுக்காரர் பலருக்கு இது புதுக்கதை அல்ல. ஒரு படிவத்தைக் கண்டால் அது என்ன கேட்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. என்ன சொன்னால் விடுவார்கள் என்றுதான் பார்ப்போம். அந்தப் பழக்கத்தால்தான் நான் உயிரோடு இருந்து இந்தப் பத்தி எழுதுகிறேன், அதற்காக வெட்கப்படவில்லை.

ஆனால் தாரணி இங்கே பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ் முதல் நூலக அட்டை வரை எல்லாவற்றிலும் அவள் பெயர் அவள் பெயராகவே இருக்கிறது. யாருக்கும் பயந்து ஒளிக்க வேண்டிய தேவை அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அப்படிப்பட்ட பிள்ளை ஆசையாக வாங்கிய முதல் காரின் தாளிலிருந்து, அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். எதற்கு? கொஞ்சம் மலிவாக வரும் என்பதற்கு!

ஐந்து மாதம் நன்றாகத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜைத் திறந்து, காரைத் துடைத்து, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். ஒருமுறை நானும் பின் சீட்டில் இருந்து போனேன், முழங்கால் நாடியில் இடித்தது. ஸ்டியரிங் பக்கம் நான் ஒருநாளும் போகவில்லை. கியர் போட்டு ஓட்டி எனக்குப் பதினைந்து வருடம் ஆகிறது, என் கார் ஓட்டோமற்றிக். தாளில் மட்டும் நான்தான் பிரதான சாரதி.

பிறகு நோர்பரியில், ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த வான் ஒன்று இடித்தது. இடித்தவன் நிற்கவில்லை. தாரணிதான் போன் எடுத்தாள்.

"எனக்கு ஒண்டும் இல்லை அப்பா. காருக்குத்தான்..." என்றாள். பிறகு அழுகைதான் கேட்டது.

ஓடிப்போனேன். டிக்கி நசுங்கி, பின் பம்பர் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பிழை ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதுதானே, திருத்திவிடலாம் என்று முதுகைத் தடவிச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து கம்பனியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். அவ்வளவு இனிமையான குரல். சமையலறை மேசையில் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு நானும் தாரணியும் இருந்தோம். கார் எங்கே நிற்கும், எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று கேட்டார். யார் கூடுதலாக ஓட்டுவது என்று கேட்டார். நான்தான் என்றேன், இருமாமல் செருமாமல்.

"இந்தக் குளிரில் பழைய கார்கள் பெரிய கரைச்சல் கொடுக்குமே," என்றார் அவர். "காலையில் எப்படி ஸ்டார்ட் பண்ணுகிறீர்கள்?"

சும்மா கதைக்கிறார் என்று நினைத்தேன். இந்த நாட்டு ஆட்கள் காலநிலையில்தானே பேச்சைத் தொடங்குவார்கள்?

"திறப்பைப் போட்டுத் திருப்புவேன்," என்றேன்.

"திருப்பினால் போதுமா?"

"நல்ல கார். உடனே கிளம்பும்."

மறுமுனையில் அவர் எதையோ தட்டச்சு செய்வது கேட்டது. தாரணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நானும் பிறகுதான் அறிந்தேன். அந்தக் காலத்துக் கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதற்கு சோக் என்று பெயர். குளிர் நாளில் அதை வெளியே இழுத்துவிட்டுத்தான் திறப்பைத் திருப்ப வேண்டும். இழுக்காவிட்டால் கார் ஆஸ்துமாக்காரன் மாதிரி இருமிவிட்டு நிற்கும். ஐந்து மாதம் அதை ஓட்டிய எவனுக்கும் இது தெரியாமல் இருக்க வழியில்லை. தபால்காரர் மழைக்குள் நின்று சொல்லிக் கொடுத்தது இதைத்தான். நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள் மகள் பக்கத்தில் இருந்தால் அவரோடும் ஒரு வார்த்தை பேசலாமா?" என்றார் அந்தப் பெண், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

ஸ்பீக்கரை நிறுத்தி, போனை உள்ளங்கையால் பொத்தினேன்.

"அப்பாதான் ஓடுறது எண்டு சொல்லு."

"அப்பா..."

"ஒரு வசனம்தானே பிள்ளை. சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு உறுத்தல் இருக்காது. போனை வாங்கினாள்.

"மை டாட் டிரைவ்ஸ் இட். மோஸ்ட்லி," என்றாள்.

அழைப்பு முடிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தோளில் தட்டி, "கெட்டிக்காரி" என்றேன். பதினொரு கம்பனிக்குப் போன் எடுத்தபோது சொல்லாத சொல்லை, பொய் சொன்னதற்குச் சொன்னேன். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

அடுத்த நாள் மத்தியானம், கண்ணாடிக் கடையின் சாப்பாட்டு இடைவேளையில், அவளாகவே அந்தக் கம்பனிக்குப் போன் எடுத்திருக்கிறாள். நேற்றுச் சொன்னது பொய், காரை ஓட்டுவது நான், அப்பா ஒருநாளும் ஓட்டியதில்லை என்று சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. காப்புறுதி தொடக்கத்திலிருந்தே செல்லாது, காரைத் திருத்த ஒரு சதமும் தரமாட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

வீடு அதிரக் கத்தினேன்.

"ஆர் உன்னைச் சொல்லச் சொன்னது?"

"முதல்தரம் நான் சொன்னது, நீங்கள் சொல்லச் சொன்னதை," என்றாள் தாரணி. "ரெண்டாந்தரம் நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

என் மனைவி சாந்தி கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். "போன் வந்த அண்டைக்கு அவள் சாப்பிடேல்லை. நீங்கள் ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டனீங்கள்," என்றாள்.

பதினொரு நாள் நான் மகளோடு கதைக்கவில்லை. நினைத்துப் பாருங்கள், தண்டனை அவளுக்கு! சிவம் அண்ணைக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன். "பிள்ளையைச் சரியா வளர்க்கேல்லை நீ" என்றார். நானும் ஓம் என்றேன். அவள் மேல்மாடியில்தான் இருந்தாள். கேட்டிருக்கும்.

காரைத் திருத்த ஆகிற செலவு அவளுக்கு எட்டவில்லை. நான் தருகிறேன் என்றேன், கதைக்கத் தொடங்கிய பிறகு. வேண்டாம் என்றுவிட்டாள். சசெக்ஸிலிருந்து பழைய கார்களைத் திருத்தி விற்கிற ஒருவர் வந்தார். அவர் வருமுன் தாரணி உள்ளே தூசி துடைத்து வைத்தாள். நசுங்கிய காருக்கு எதற்கு இதெல்லாம் என்று எனக்கு வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். கறள் எங்கே, எந்தக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும், சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னாள். அந்த மனிதருக்கு அது தெரியாமலா இருக்கும்? பாவம், கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். டிரக்கில் ஏற்றியபோது அவள் கைகளை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, திருப்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் பெயரில் போட்டிருந்தால்? உரிய தொகை வந்திருக்கும். கார் திருந்தியிருக்கும். இன்றைக்கும் அந்தக் கராஜில் நின்றிருக்கும். அவள் பெயரை எழுத ஒரு கம்பனி தயாராக இருந்தது. தயாராக இல்லாதவன் நான் ஒருவன்தான்.

சரி, பஸ் கதைக்கு வருகிறேன். என் சொந்தக் காரின் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கிற நேரம் வந்தது. படிவத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது உங்கள் காப்புறுதி இரத்துச் செய்யப்பட்டிருக்கிறதா?

பழக்கதோஷம், சிவம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "இல்லை எண்டு போடு. ஆர் பாக்கப்போறாங்கள்?" என்றார்.

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஓம் என்று போட்டேன். வந்த தொகையைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. ஐம்பத்தேழு வயதில் எனக்கு ஒரு பத்தொன்பது வயதுக்காரனின் பிரீமியம். காரை விற்றுவிட்டேன். பஸ்ஸில் போகிறவர்கள் என்னைக் கண்டால் தள்ளி இடம் கொடுங்கள்.

இனி அந்த இரண்டு நிமிடம்.

சிக்னல் பச்சையானது. கரும்பச்சைக் கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுவிட்டது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அந்தப் பிள்ளை அவசரப்படவில்லை. கை கீழே போனது. குமிழைப் பாதி இழுத்தாள், திறப்பைத் திருப்பினாள். கார் கிளம்பிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் தாரணியிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சமையலறை மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டாள்.

"திருத்திப்போட்டினமோ? பம்பர் நேராய் இருந்ததோ?"

"ஓம். புதுசு மாதிரி."

"சோக்கை முழுக்க இழுத்தவளோ, பாதியோ?"

"பாதி."

"அப்ப அவளுக்கு ஓடத் தெரியும்," என்றாள். "கார் நிண்ட நேரம் பக்கத்தில இருந்த அவளின்ர அப்பா என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை. கையை மடியில வச்சுக்கொண்டு சும்மா இருந்தவர்."

"நல்ல அப்பா," என்றாள் தாரணி.

அவரைத்தான் சொன்னாள்.